சமன்பாடு தெரியும், சங்கதி தெரியாது

சென்ற மாதம் என் பேத்தி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்தால் இரும்பு உருகி வரும், தண்டவாளத்தை இணைக்க அது பயன்படும், அதற்குத் தெர்மிட் வினை என்று பெயர். ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "நான் முப்பது வருஷம் இந்த வேலையைத்தானே பார்த்தேன்" என்றேன். "அப்படியா தாத்தா? இது ரெண்டு மார்க் கேள்விதான்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

நான் டிப்ளமோக்காரன். வேதியியலில் பெரிய படிப்பு கிடையாது. ஆனால் அந்த ரெண்டு மார்க்கை என் கண்ணால் பார்த்தவன். இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே சிறிய இடைவெளி விட்டு, சுற்றி மணல் அச்சு கட்டுவோம். மேலே மூசையில் (எங்கள் பாஷையில் குரூசிபிள்) பொடியை நிரப்பி, கம்பி மத்தாப்பு போன்ற ஒன்றால் பற்றவைப்போம். சில விநாடிகளில் 2,000 டிகிரிக்கு மேல் சூடேறி இரும்பு தண்ணீராய் ஓடும். காரணம் எளிது. இரும்பைவிட அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல் ஆசை அதிகம்; இரும்பிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. கணக்கும் பிசகாது. 16 கிலோ இரும்பு ஆக்சைடுக்கு 5.4 கிலோ அலுமினியம், கிடைப்பது 11.2 கிலோ இரும்பு, 10.2 கிலோ கசடு. கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 21.4. இரும்பு கனம், கீழே இறங்கும். கசடு லேசு, மேலே மிதந்து பக்கத்துத் தட்டில் வழியும்.

அந்தத் தட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதி, மழைக்காலம். புதிதாக வந்த சூப்பர்வைசர் கெட்டிக்காரப் பையன், பள்ளியில் வேதியியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன். இரவெல்லாம் வெளியில் கிடந்த தட்டைத் துணியால் துடைத்து வைத்துவிட்டான். பொறுப்பில் இருந்தவன் நான். "காய்ஞ்சிருக்கா?" என்று கேட்டேன்; "இருக்கு சார்" என்றான்; தொட்டுப் பார்க்காமல் தலையாட்டினேன். கசடு விழுந்ததும் வெடிச் சத்தம். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு ஸ்பூன் ஈரம் போதும். எங்கள் கேங்மேன் ஒருவருக்கு இடது பாதம் வெந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று மாலை அந்தப் பையனிடம் சமன்பாட்டை எழுதச் சொன்னேன். பிழையில்லாமல் எழுதினான். காய்ச்சிய இரும்பின் மேல் நீராவி பட்டால் ஹைட்ரஜன் பிரியும் என்பதும் அவனுக்கு மனப்பாடம். அதே ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் புகுந்தால் பற்றில் துளை விழும், பிறகு ஒரு நாள் ரயில் போகும்போது அது விட்டுப்போகலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு பாடமும் புத்தகத்தில் ஒரே அத்தியாயத்தில், சில பக்கங்கள் தள்ளி இருக்கின்றன. யாரும் அவற்றைச் சேர்த்து வைத்துச் சொல்லவில்லை.

புத்தகத்தையும் பள்ளியையும் மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? (2023இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தனிம அட்டவணைப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். பதினொன்றில் அறிவியல் எடுக்காத பிள்ளை அதைப் பாடமாகப் படிக்காமலே பள்ளியை முடித்துவிடும். எனக்கு இது ஒப்புதலில்லை.) நம் வீடுகளையும் பார்க்க வேண்டும். ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளைக் கோச்சிங் வகுப்புக்கு அனுப்ப எதையும் விற்கத் தயார். ஆனால் வீட்டுத் தமிழைச் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதோடு நிறுத்திவிட்டோம். பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் ஹிந்தி; விஷயம் பேசத் தமிழ் இல்லை. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். வினையூக்கி என்ற சொல்லைக் கேட்டவுடனே அது என்ன செய்யும் என்று பாதி புரிந்துவிட்டது. என் பேத்திக்குக் கேட்டலிஸ்ட் என்பது வெறும் ஒலி.

அன்று ராத்திரி பூஜைச் செம்பைப் புளியால் தேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் அவளை உட்கார வைத்தேன். "புளியில் அமிலம் இருக்கு. அழுக்கு கரையுது, செம்பு ஏன் கரையலை?" என்று கேட்டேன். பத்து நிமிஷம் யோசித்தாள். செம்பின் மேல் படிந்தது ஆக்சைடு, அதுதான் அமிலத்தில் கரைகிறது என்று தானே கண்டுபிடித்தாள். அப்படியானால் ரசத்தைச் செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைக்கலாமா என்று அவளே அடுத்த கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத்தான் நேரம் பிடித்தது.

நம் சங்கத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கொடுத்தால் நான் வருகிறேன். புளி, ஆப்ப சோடா, துருப்பிடித்த ஆணி எல்லாம் என் செலவு. பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து உட்கார்ந்தால் நல்லது. செயற்குழு ஹாலைத் திறந்து வைக்கட்டும்.