24 நாடும் ஒரு கணக்குப் புத்தகமும்

சங்ககிரி மலைக்கோட்டையைப் பத்தி யார் எழுதினாலும் கதை தீரன் சின்னமலையில ஆரம்பிச்சு 1805 தூக்குக்கயித்துல முடிஞ்சிடுது. தப்பில்லை. ஆனா நம்ம கொங்கு நாட்டாரோட அதிகாரம் தூக்குமேடையில சாகலை, அதுக்கு 13 வருஷம் முன்னாடி தொறந்த ஒரு கணக்குப் புத்தகத்துலதான் செத்துச்சுங்கிறது என் கட்சி.

கொங்கு 24 நாடுன்னு பாட்டன் காலத்துலேர்ந்து சொல்றோம். பூந்துறை, ராசிபுரம், பருத்திப்பள்ளி, வாழவந்தி.. பாதிப் பேரு பஸ் போர்டுலயே இருக்கு. நாடுன்னா தேசம் இல்லை, பல ஊர் சேர்ந்த வட்டாரம். நாட்டார் கூடி வரி, கோயில், வழக்குன்னு பேசி முடிப்பாங்க.

இதே மாதிரி இன்னொண்ணு துருக்கியோட தென்கரையில இருந்துச்சு, லிசியா. கிரேக்க உலகத்துக் கூட்டாட்சி, 23 நகரம். பெரிய ஊருக்கு 3 ஓட்டு, நடுத்தரத்துக்கு 2, சின்னதுக்கு 1. இதை எழுதி வெச்ச ஸ்ட்ராபோ அப்படியே போற போக்குல இன்னொண்ணும் சொல்றார்: முன்னெல்லாம் போர், சமாதானம்னு சபையில பேசுவாங்களாம், இப்போ ரோம் சரின்னு சொன்னாத்தான். கி.பி. 43ல கிளாடியஸ் லிசியாவை மாகாணமாவே ஆக்கிட்டார். அப்பவும் சபை கூடுச்சு! தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்க, பேரரசருக்குப் பூசை பண்ணாங்க. எங்க ஆபீஸ் பாஷையில ரீட்-ஒன்லி பெர்மிஷன்.

மதுரை நாயக்கரும் மைசூரும் நம்மகிட்ட செஞ்சது கிட்டத்தட்ட இதுதான். ஹைதர், திப்பு காலத்துல நாட்டார் கை ரொம்பவே இறங்கிடுச்சு, ஆனா பேரு மிச்சம் இருந்துச்சு.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமகால், சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் கம்பெனிக்குப் போச்சு. காவிரிக்கு மேற்கே கோயமுத்தூர்ப் பக்கம் 1799 வரைக்கும் திப்புகிட்ட. அதாவது பூந்துறையில மேல்கரைக்கு ஒரு எசமான், கீழ்க்கரைக்கு வேற எசமான். ஒரே நாட்டுக்காரங்க ஏழு வருஷம் ஆத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்!

அப்புறம் வந்தார் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் (ரீட்-ஒன்லின்னு நான் சொன்னதுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை), கூடவே தாமஸ் மன்றோ. காட்டை வயலை அளந்து, குடியானவன் பேர் பேரா தனித்தனியா கணக்கு எழுதினாங்க. ரயத்துவாரிக்கு விதை இங்கதான். சர்க்கார் நேரா உங்ககிட்டயே வரி வாங்கும்னா நடுவுல நாட்டார் எதுக்கு? ரோமுக்குக் கூட இவ்வளவு பொறுமை கிடையாது. அது சபையை விட்டு வெச்சுது, இவங்க சபைக்கு வேலையே இல்லாம பண்ணிட்டாங்க. சில வருஷத்துல கம்பெனியே மனசு மாறி, நிலத்தை மிட்டா மிட்டாவா ஏலம் விட்டுது. பணம் கட்ட முடியாம பல மிட்டாதாருங்க கவுந்தாங்க. அப்பவும் நாட்டாரைத் திரும்பக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணலை.

இதைப் படிச்சுட்டு "ஆஹா அந்தக் காலம்"னு யாராச்சும் கெளம்புனா ஒரு நிமிஷம். அந்தக் கூட்டத்துல பேசினது நிலம் வெச்சிருந்தவங்க. பண்ணையத்துல உழைச்ச ஆளுக்கோ, பொம்பளைக்கோ அங்க பேச்சு கிடையாது. ரீடோட புத்தகத்துலயும் அவங்க பேர் ஏறலைங்கிறது வேற விஷயம். 24 நாட்டுப் பெருமை பேசறவங்க இதை மட்டும் நைசா விட்டுடறாங்க, எனக்குக் கடுப்பா இருக்கு.

இப்போ நாட்டுப் பேரு மிஞ்சி நிக்கிறது கோயில் மரியாதையிலதான். 1792க்கு அப்புறம் கீழ்க்கரையில எந்த நாட்டாராவது கூடி வரி பத்தி முடிவெடுத்ததா ஓலையோ பட்டயமோ உங்க வீட்டுப் பரண்ல இருந்தா சொல்லுங்க, கட்சி மாறிடறேன்.