கையெழுத்து மட்டும் உயிரைக் காக்குமா?

2003 ஜனவரி 8-ம் தேதி. அமெரிக்காவின் ஷார்லட் நகரிலிருந்து 'பீச்கிராஃப்ட் 1900டி' என்ற 19 ஆசனச் சிறு விமானம் கிளம்பிற்று. ஒரு நிமிஷத்துக்குள் மூக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொள்ள, நிலைகுலைந்து விமான நிலையத்தின் விமானக் கொட்டகையில் மோதியது. உள்ளேயிருந்த 21 பேரும் மாண்டனர்.

சட்டம் இல்லாததால் நேர்ந்ததா இது? இல்லை. சட்டம் இருந்தது, பராமரிப்புப் புத்தகமும் இருந்தது. பின் எங்கே பிசகு?

இரண்டு நாள் முன்பு, ஹண்டிங்டன் நகரில் இரவு ஷிப்டில், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் சுக்கானின் கேபிளைச் சரிசெய்தார்கள். இந்த ரக விமானத்தில் அந்த வேலையை அந்த மெக்கானிக் செய்தது அதுவே முதல் தடவை. புத்தகத்திலிருந்த ஒன்பது படிகள் விடப்பட்டன. சுக்கான் கீழ்நோக்கிப் பாதியளவே அசைந்தது. போதாதற்குப் பின்புறம் பாரமும் அதிகம். பிரயாணிகளின் எடையைத் தராசில் நிறுக்காமல் பழைய சராசரிக் கணக்கை வைத்தே தீர்மானித்திருந்தார்கள்.

ஒருவர் செய்த வேலையை வேறொருவர் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அங்கே வேலை கற்றுக்கொடுத்தவரே சோதனை செய்பவர்! படிகளை விடச் சம்மதித்தவரும் அவரே. விதி எழுத்தில் நிறைவேறிற்று, உயிரைக் காக்கவில்லை.

பொறுப்பு யாருடையது? டிக்கெட்டில் ஒரு கம்பெனியின் பெயர். ஓட்டியது 'ஏர் மிட்வெஸ்ட்'. பராமரிப்பு இன்னொரு கம்பெனிக்குக் காண்டிராக்ட். மெக்கானிக்குகளை அனுப்பியது நான்காவது கம்பெனி. பழி மட்டும் கடைசியில் ஸ்பானர் பிடித்தவன் தலையில்! ஆனால் விசாரணை வாரியம் அதோடு நிற்கவில்லை. ஏர் மிட்வெஸ்ட் மேற்பார்வை செய்யத் தவறியதையும், சர்க்கார் விமான இலாகா கண்காணிக்கத் தவறியதையும் எடுத்துக் காட்டிற்று.

"விதிகள் அதிகம், செலவு கூடுகிறது, தளர்த்துங்கள்" என்கிறார்கள் முதலாளிகள். தளர்த்தினால் இரவு ஷிப்டில் விடப்படும் படிகள் ஒன்பதோடு நிற்குமா? மறுபுறம், விபத்துக்கு விபத்து ஒரு பாரம் கூட்டுவதும் பயன் தராது. அது கையெழுத்தை வளர்க்குமே தவிர வேலையை வளர்க்காது.

யந்திரத்தோடு மாரடிக்கும் நமக்கு இது தெரியாதா? இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பெல்ட்டுக்கு மூடி போடும் ஆலை எத்தனை!

ஆகவே வேண்டியது இதுதான்: வேலைக்குத் தேவையான பயிற்சி, போதிய நேரம், கற்றுக்கொடுத்தவரல்லாத தனிச் சோதனையாளர், வேலை முடிந்ததும் முழு இயக்கப் பரீட்சை, காண்டிராக்ட் எத்தனை கை மாறினாலும் தப்ப முடியாத முதலாளியின் பொறுப்பு. "இது சரியில்லை, விமானம் கிளம்பாது" என்று சொல்லும் தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பும் வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் சட்டம் வெறும் காகிதமே!