‘கல்நெஞ்சத் தாய்’ என்று தலைப்பிடுவோர் கவனத்திற்கு

கைக்குழந்தையுடன் ஒரு பெண் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள் என்ற செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும், அதற்கான தலைப்பு நமது பத்திரிகைகளில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ‘கல்நெஞ்சத் தாய்’, ‘ஈவிரக்கமற்ற தாய்’. முப்பது ஆண்டுகளாகச் செய்தி அறைகளில் இத்தலைப்புகளைக் கண்டு வருகிறேன். அச்சுக்கோப்பு போய்க் கணினி வந்தது, இணையம் வந்தது. தலைப்பு மட்டும் மாறவில்லை. பொலிசார் சொன்னதும் அயலவர் சொன்னதும் செய்தியில் இருக்கும். அப்பெண் பிள்ளை பெற்று எத்தனை வாரங்கள் என்பது மட்டும் இராது.

முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி அதுவே. கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்தரோன் ஆகிய ஹோர்மோன்களின் அளவு பன்மடங்கு உயர்கிறது. நச்சுக்கொடி வெளியேறிய சில நாட்களுக்குள் அது அடிமட்டத்துக்கு வீழ்கிறது. புரோஜெஸ்தரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையில் காபா என்னும் இரசாயனத் தூதுவனின் பணிக்கு வலுவூட்டி, நரம்புக்கலங்களின் கொந்தளிப்பைத் தணித்து வைத்திருக்கிறது. பிரசவத்தோடு அந்தத் துணையும் சட்டெனக் குறைந்துபோகிறது. பெரும்பாலான பெண்களின் மூளை இவ்வீழ்ச்சிக்கு இசைந்துகொள்கிறது. சிலரின் மூளைக்கு அது இயலுவதில்லை. இதுவே இன்று வலுவாக முன்வைக்கப்படும் விளக்கம்.

“இதெல்லாம் வீட்டுப் பிரச்சினை, இரசாயனம் என்று சொல்லி மழுப்பாதீர்கள்” என்பார் உளர். அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் தேசிய உளநல நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பங்குபற்றியோர் 16 பெண்கள். எவரும் அப்போது கர்ப்பிணி அல்லர். 8 பேர் முன்னர் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு உள்ளானவர்கள். மற்றைய 8 பேர் ஆகாதவர்கள். கர்ப்பகாலத்தை ஒத்த அளவில் ஹோர்மோன்களைக் கொடுத்து, பின்னர் அவர்கள் அறியாமலே நிறுத்தினார்கள். முதற் பிரிவில் 5 பேருக்கு மனநிலை குலைந்தது; இரண்டாம் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. அங்கே அழும் குழந்தை இல்லை, பிரசவக் களைப்பு இல்லை. வீழ்ச்சி ஒன்றே, அதனைத் தாங்கிய மூளைகள் வேறு.

2010இல் ரொறன்ரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பிரசவித்து நான்கு முதல் ஆறு நாட்களான, நோயெதுவுமற்ற தாய்மாரின் மூளைகளைப் படம்பிடித்தது. செரடோனின், டொபமின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியம் ஒன்று, ஏனைய பெண்களிலும் பார்க்கச் சராசரியாக 43 வீதம் மிகுந்திருந்தது. காரணமின்றிக் கண்ணீர் வருகிறதென்று புதிய தாய்மார் சொல்வதும் அந்நாட்களில்தான்.

“எங்கட அம்மம்மா பத்துப் பெத்தவ. அவவுக்கு வராத வருத்தமே?” என்று கேட்போர் நம் வீடுகளில் நிறைய. அம்மம்மா காலத்திலும் அது வந்தது. அன்று அதற்குச் சன்னி என்றும், பேய்க்குணம் என்றும் பெயர். நூல் கட்டினார்கள், பார்வை பார்த்தார்கள். பெயர் வேறு என்பதற்காக நோய் இல்லையென்று ஆகாது. அன்றிருந்த ஒன்றையும் மறுப்பதற்கில்லை. துடக்குக் கழியும் 31 நாள்வரை சமைத்துப் போடவும் பிள்ளையை வாங்கி வைத்திருக்கவும் வீட்டில் கைகள் இருந்தன. இன்று பரிஸிலும் இலண்டனிலும் மாடிக் குடியிருப்பொன்றில் தனித்திருக்கும் பெண்ணுக்கு அந்த 31 நாட்களை யார் கொடுப்பது?

ஆகவே, எல்லாம் ஹோர்மோன் என்று கைகழுவுவோரையும் ஏற்பதற்கில்லை. வறுமை, கணவனின் வன்முறை, துணையின்மை, முன்னைய மனநோய் ஆகியன ஆபத்தைக் கூட்டுகின்றன. வளர்முக நாடுகளில் பிரசவித்த தாய்மாரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், மனச்சோர்வை முதன்மையாகக் கொண்ட உளநோய்க்கு உள்ளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காபாவின் வழியாகச் செயற்படும் 14 நாள் மாத்திரை ஒன்றுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஆனால் மாத்திரை அடிக்கும் கையைத் தடுக்காது.

பதகளிப்பைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். எல்லாத் தாய்மாரும் அழுவதில்லை. பிள்ளை உறங்கினாலும் தான் உறங்காமல், மூச்சு வருகிறதா என்று இரவெல்லாம் எழுந்து பார்ப்பவர்கள் உளர். பிள்ளைக்குத் தன் கையாலேயே தீங்கு நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் விரும்பாமலே வந்து திகைக்கச் செய்யும் பெண்களும் உளர். அந்த எண்ணத்தைக் கண்டு அவர்கள் நடுங்குகிறார்கள் என்பதே அவர்களின் அன்புக்குச் சான்று. ஆனால் அதனை யாரிடம் சொல்வார்கள்? கல்நெஞ்சுக்காரி என்று பெயர் கேட்கவா? நமது தலைப்புகள் நடந்து முடிந்ததற்குத் தீர்ப்பளிப்பதோடு நின்றுவிடுவதில்லை. நாளை உதவி கேட்கவேண்டிய பெண்ணின் வாயை அவை இன்றே அடைத்துவிடுகின்றன.

1987இல் வெளியான எடின்பரோ வினாக்கொத்தில் இருப்பவை பத்தே கேள்விகள். கேட்டு முடிக்கச் சில நிமிடங்கள் போதும். மருத்துவமாது வீடு தேடி வரும் நாடு இலங்கை. பிள்ளையின் நிறையைக் குறிப்பது போலத் தாயின் மனநிலையையும் கேட்டுக் குறிக்கவேண்டும். அவளது மொழியில், மாமியாரும் கணவனும் அருகில் இல்லாதபோது. முதல் இரு வாரக் கண்ணீர் பெரும்பாலும் தானாக ஆறும். அதற்கு மேலும் நீடித்தால் வைத்தியம் வேண்டும். இல்லாத குரல்கள் கேட்பதாக அவள் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இலங்கையில் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

பிரசவகாலத் தற்கொலையை நேரடித் தாய்மரணம் என 2012இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. குருதிப்பெருக்கால் நேரும் மரணத்தை வகைப்படுத்துவது போலவே. குருதிப்பெருக்கால் இறந்த தாயை எந்தப் பத்திரிகையும் திட்டி எழுதியதில்லை. மூளையும் உடலின் ஓர் உறுப்பே என்பதை நமது ஆசிரிய பீடங்கள் ஏற்றுக்கொள்ள இன்னும் எத்தனை பெண்கள் சாகவேண்டும்?