10016: பொருட்படுத்தத் தேவையில்லாத பிழையா?

விண்டோஸ் சேர்வர் இயங்குதளத்தைப் பராமரிப்போருக்கு 10016 என்ற இலக்கம் நன்கு பரிச்சயமானது. நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், 'டிஸ்ரிபியூட்டட் கொம்' என்ற பெயரின் கீழ் அந்த இலக்கம் வரிசை வரிசையாக நிற்கும். இன்ன மென்பொருட்கூறினை இயக்குவதற்கு இன்ன பயனருக்கு அனுமதி இல்லை என்பதே அதன் சாரம். கூடவே, மனிதர் வாசிப்பதற்கென எழுதப்படாத நெடிய அடையாளக் குறியீடுகள் இரண்டு. வழங்கி ஒழுங்காகவே இயங்கிக்கொண்டிருக்கும். பயனாளர் எவரும் முறையிடமாட்டார். பதிவு மாத்திரம் வந்துகொண்டே இருக்கும்.

மைக்ரோசொப்ட் நிறுவனமே இதற்கு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. அதன் மென்பொருட்கூறு ஒன்று முதலில் ஒரு விதமாகக் கதவைத் தட்டுகிறது. திறக்காவிட்டால் வேறு விதமாகத் தட்டுகிறது, கதவு திறக்கிறது. தோற்றுப்போன முதல் தட்டலே 10016 ஆகப் பதிவாகிறது. சில சூழ்நிலைகளில் அந்த முதல் முயற்சியே வெற்றிபெறக்கூடும் என்பதால் அதனைக் கைவிடுவதில்லையாம். ஆகவே இது வடிவமைப்பின்படி நிகழ்வது, பாதிப்பில்லை, பொருட்படுத்தாது விடலாம் என்கிறது நிறுவனம்.

விளக்கம் சரியானதே. ஆனால் பிழையல்லாத ஒன்றுக்குப் 'பிழை' என்று செந்நிற முத்திரை குத்தியது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பிந்திய சில பதிப்புகளில் அது 'எச்சரிக்கை' என்ற தரத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறது. வட்டு ஒன்று எழுதவோ வாசிக்கவோ முடியாமல் மீண்டும் முயன்றதை அறிவிக்கும் 153 என்ற பதிவும் அதே 'எச்சரிக்கை'தான். பின்னையது பல வேளைகளில் வட்டு பழுதடையப் போவதற்கான முன்னறிகுறி. ஒன்றுமில்லாத விடயமும் தரவுகளை இழக்கச்செய்யும் விடயமும் ஒரே மஞ்சள் நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

மனம் பொறுக்காத நிர்வாகிகள் ஒரு வைத்தியம் செய்வதுண்டு. றிஜிஸ்ட்ரிக்குள் சென்று, அந்தக் குறியீட்டுக்குரிய சாவியின் உரிமையை 'ட்ரஸ்டட் இன்ஸ்ரோலர்' என்ற காவலனிடமிருந்து பறித்துத் தம் பெயருக்கு மாற்றி, பின்னர் கேட்ட அனுமதியை வழங்கிவிடுவார்கள். பதிவு நின்றுவிடும். பாதுகாப்புக்கென இறுக்கிப் பூட்டப்பட்ட ஒன்று, பதிவேடு அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் தளர்த்தப்பட்டிருக்கும். இதனால் எதிர்பாராத பக்கவிளைவுகள் நேரலாம் என்று மைக்ரோசொப்ட்டும் எச்சரிக்கிறது. இந்த விடயத்தில் நான் நிறுவனத்தின் பக்கம்.

ஆயினும் வெறுமனே விட்டுவிடுவதும் தீர்வாகாது. முன்னர் செய்தி அறைகளில் டெலிபிரின்டர் இயந்திரங்கள் இருந்தன. அவசரச் செய்தி வரும்போது மணி அடிக்கும். செய்தி ஆசிரியர் கதிரையை விட்டு எழுந்து ஓடுவார். எல்லாச் செய்திக்கும் மணி அடித்திருந்தால் எவரும் எழுந்திருக்கமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நிகழ்வுப் பதிவேட்டின் இயல்பான உச்ச அளவு 20 மெகாபைட் மாத்திரமே. நிரம்பியதும் பழையவை அழிந்து புதியவை எழுதப்படும். வீண் பதிவுகள் பெருகப் பெருக, தேவையான சான்று அவ்வளவு விரைவாக வெளியே தள்ளப்படுகிறது.

இவை யாவும் கணனிக்காரரின் தலைவலி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடக்கூடாது. பிரித்தானியத் தபால் நிறுவனத்துக்காக புஜிட்சு பராமரித்த 'ஹொரைசன்' கணக்கியல் முறைமையை நினைத்துப் பாருங்கள். தபாலகக் கருமபீடங்களில் இருந்தவை விண்டோஸ் என்.ரி. கணனிகள். அம்முறைமையின் வழு ஒன்று, ஸ்கொட்லாந்தின் பால்கேர்க் நகரிலிருந்த தபாலகத்தின் பெயரால் 'கலண்டர் ஸ்குவயர் வழு' என்று பின்னர் அறியப்பட்டது. ஒரு கருமபீடத்தில் பதிந்தது மற்றையதில் தெரியாது. அதனால் கணக்கு உதைக்கும். அவ்வேளைகளில் நிகழ்வுப் பதிவேட்டில், பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்ற பதிவு குவியும். 2006இன் தொடக்கத்தில், இப்பிரச்சினை பல ஆண்டுகளாக இருப்பதாகவும் அநேகமான வாரங்களில் பல தபாலகங்களைப் பாதிப்பதாகவும் புஜிட்சு ஊழியர்களே உள்ளுக்குள் எழுதினார்கள். பழகிப்போன பிழை!

அதே காலத்தில் உப தபாலதிபர்கள் கணக்கில் துண்டு விழுந்ததற்காக நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். புஜிட்சுவிடம் 'அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு' ஒன்று இருந்தது. வழக்கு வந்தபோது, அதனை வழக்காளிகளுக்குக் காட்டத் தபால் நிறுவனம் முதலில் இணங்கவில்லை. வழுக்கள் இருந்தன என்று நீதிபதி பிரேசர் 2019 டிசெம்பரில் தீர்ப்பளித்தார். தண்டனைகளைக் கூட்டாக நீக்குவதற்கான சட்டம் 2024 மே மாதத்திலேயே வந்தது.

10016ஐ ஹொரைசனுக்கு நிகர் என்று நான் கூறவரவில்லை. ஒன்று தீங்கற்றது, மற்றது மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியது. இரண்டையும் வேறுபிரித்துச் சொல்வதற்கு, பதிவேட்டை எவரோ ஒருவர் இருந்து வாசிக்கவேண்டியிருக்கிறது என்பதே என் வாதம். 'பொருட்படுத்தத் தேவையில்லை' என்பது விசாரித்த பின்னர் வரவேண்டிய முடிவு.

நிர்வாகிகளுக்கு வழி இருக்கிறது. நிகழ்வுப் பதிவேட்டில் வடிகட்டி அமைக்கலாம். அது பார்வையிலிருந்து மறைக்குமேயன்றிப் பதிவை அழிக்காது. ஆனால் 10016 முழுவதையும் மறைப்பது சோம்பேறித்தனம். ஆராய்ந்து தீங்கற்றது எனக் கண்ட குறியீட்டையும் பயனரையும் மாத்திரம் பெயர் குறித்து மறைக்கவேண்டும். அப்போது அதே இலக்கத்தில் புதியதொரு குறியீடு தலைகாட்டினால் கண்ணில் படும். எதை மறைத்தோம், எப்போது, எக்காரணத்தால் என்பதைத் திகதியிட்டு ஒப்பமிட்டு வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் கதிரைக்கு வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார். பதிவேட்டின் உச்ச அளவையும் கூட்டிவிடுங்கள்; 20 மெகாபைட் இன்றைய வட்டுகளில் ஓர் இடமே அல்ல.