படத்தின் அடியில் ஒரு பெயர்

பறவை ஆர்வலர்கள் தாம் எடுத்த ஒளிப்படங்களைப் பொது நூலகத்தில் காட்சிக்கு வைப்பது நல்ல வழக்கம். கல்லூரி அரங்கைவிட நூலகமே இதற்கு ஏற்ற இடம் என்போம். நாளிதழ் புரட்ட வரும் முதியவரும், போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்க வரும் இளைஞரும் அழைப்பிதழ் இன்றியே அப்படங்களைப் பார்த்துவிடுவார்கள். பெரம்பலூர், அரியலூர் நூலகங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சுவரில் கண்ட பறவையை நேரில் காணக் கரைவெட்டி ஏரி வரை போனால் போதும்.

கரைவெட்டி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2007இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. (பறவைகளுக்கு இந்த அரசாணை எட்டியதாகத் தெரியவில்லை.) பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. மங்கோலியா, திபெத் பகுதிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன.

இத்தகைய கண்காட்சிகளில் நமக்குள்ள மனக்குறை, படத்தின் அடியில் எழுதப்படுவதைப் பற்றியது. ஆங்கிலப் பெயர் இருக்கும். லத்தீன் பெயர் இருக்கும். கேமராவின் பெயர்கூடச் சில இடங்களில் இருக்கும். தமிழ்ப் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்தாலும் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்ததாக இருக்கும். நாமக்கோழி என்று பெயரிட்டவர் அதன் நெற்றி வெண்மையைக் கண்டிருக்கிறார். கழுத்து மட்டும் நீருக்கு மேல் நெளிய நீந்துவதைக் கண்டவர் பாம்புத்தாரா என்றார். நத்தை குத்தி நாரை என்ற பெயரோ அதன் உணவையே சொல்லிவிடுகிறது. இப்பெயர்கள் வழக்கொழிந்தால் அவற்றோடு ஒரு கூர்த்த பார்வையும் போய்விடும். சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கண்டார். அது துணையோடு தென்குமரி வரை வந்து வடதிசைக்குத் திரும்பும் என்பதையும் அறிந்திருந்தார். இலக்கிய வாசகர்கள் உவமையைப் பாராட்டிய அளவுக்கு அந்த வலசை அறிவைப் பாராட்டியதில்லை.

ஒளிப்படமும் எழுத்தும் ஒருவரிடமே கூடியிருந்ததற்கு மா. கிருஷ்ணன் (1912–1996) நம்மிடையே உள்ள சான்று. அ. மாதவையாவின் மகனான அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்ப் படங்கள் புகழ்பெற்றவை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தார். படங்களுக்குக் கீழே ஒரு மேசை போட்டு இந்நூலையும் சலீம் அலியின் நூல்களையும் வைப்பதற்குச் செலவு ஏது? கண்காட்சி நூலகத்தில் நடப்பதன் பொருளே அதுதானே.

இன்னும் ஒன்று உண்டு. கரைவெட்டிக்கு மழைநீரோடு மேட்டூரிலிருந்து காவிரி நீரும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து சேர வேண்டும். ஏரி நிரம்பினால் சுற்றியுள்ள வயல்கள் விளையும், பறவைகளும் தங்கும். நீர் வராத ஆண்டில் உழவரும் பறவையும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள். ஆயின் கண்காட்சிகளில் ஏரி எப்போதும் தளும்பியே காணப்படுகிறது. எடுத்த தேதியும் நீர்மட்டமும் குறித்த படங்களோடு, வெடித்த ஏரித்தரையின் படம் ஒன்றும் அங்கே தொங்க வேண்டும். கூட்டை நெருங்கி எடுத்த படங்களை, எவ்வளவு அழகாக இருப்பினும், தவிர்த்துவிடலாம். தாய்ப்பறவை விலகிய நேரத்தில் முட்டை வெயிலில் கிடக்கும்.

பார்வையாளர் ஏட்டில் ‘அருமை’, ‘வாழ்த்துகள்’ என்று எழுதி வாங்குவதிலும் நமக்கு விருப்பமில்லை. திருமானூர், கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து வருபவர் ஒருவர் சங்குவளை நாரையின் படத்தின் முன் நிற்கும்போது, அதைத் தம் ஊரில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று அந்த ஏட்டில் எழுதச் சொல்லலாம்.