பெட்டிக்குள் இருப்பது பிரேக் பேட்தானா?

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குக் காரில் இறங்கியவர்களுக்கு அந்த மலைப்பாதை வளைவுகள் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள், என் மகளையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிப் போனேன். வண்டி 2004 மாடல் மாருதி 800. பாதி மலை இறங்கும்போதே கருகல் வாடை. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது, வேகம் குறையவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். யாருக்கும் காயமில்லை. பேத்தி மட்டும் அன்று முழுக்க என் முந்தானையை விடவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர். முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை எங்க வாங்குனீங்க?" என்றார். இரும்புத் தகட்டிலிருந்து லைனிங் பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு நானே பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்த பேட் அது. பெட்டியில் கம்பெனி பெயர், முத்திரை, விலை எல்லாம் இருந்தன. பில் மட்டும் இல்லை. கேட்டால் நூறு ரூபாய் கூடும் என்றார்கள், நான் கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

பழைய கார் ஆபத்து என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். 15 வருடம் முடிந்த தனியார் காரின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019-ல் நான் கட்டிய கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ஆனது, 2024-ல் கட்டினேன். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. ஆனால் அன்று என் வண்டியை மலையில் நிற்கவிடாமல் செய்தது அதன் இருபது வருட வயது இல்லை. இரண்டே மாத வயதுள்ள ஒரு போலிச் சாமான். அதைச் செய்தவனிடமும் விற்றவனிடமும் யார் கேட்கிறார்கள்?

பென்ஷனில் வாழும் நான் ஏன் இந்த வண்டியை வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்னாகரத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நடுராத்திரியில் எங்கள் தெருவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், பிரசவ வலி எடுத்தால், முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவு. இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனையோ பழைய வண்டிகள் ஒரு தெருவுக்கே காவலாக நிற்கின்றன. அவற்றைக் கழிவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

பழைய வண்டியைக் காப்பாற்றுவது கடினமான வித்தையும் இல்லை. எங்கள் மண்ணில் வண்டிக்கு முதல் எதிரி தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்குவதற்கு முன்பு, போர் தண்ணீரின் ஃபுளோரைடால் பல்லில் காவிக் கறை படிந்த பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதே போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பும் அதிகம். அதைத்தான் இன்றும் பலர் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். குழாய்க்குள் உப்புப் படிந்து தண்ணீர் ஓட்டம் அடைபடும், இன்ஜின் சூடேறும், ஹெட் கேஸ்கட் போகும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றினால் இவ்வளவும் மிச்சம். சூடேறுகிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கமும் இங்கே உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கழற்றாதீர்கள், புதிது போடுங்கள்.

சாமான் கிடைக்குமா என்பதுதான் அடுத்த கவலை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ஆனாலும் 1983 முதல் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. அதே 796 சிசி இன்ஜின் ஓடிய ஆம்னி 2019 வரை வந்தது. அதனால் இன்ஜின் சாமான்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு மாதிரி பொருள்களுக்குச் சென்னை புதுப்பேட்டையிலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் தேடலாம், நானே வலது கதவை அப்படித்தான் மாற்றினேன். பிரேக், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் ஆகியவற்றை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. சொந்தப் பெயரில் தரமாகச் செய்யும் கம்பெனிகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து பிரேக் செய்கிறது. நான் பயப்படுவது அடுத்தவன் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் பெட்டிக்கு.

இப்போது கடைக்குப் போனால் கழற்றிய பழைய பேட்டைப் பையில் எடுத்துப் போகிறேன். பார்ட் நம்பரை ஒத்துப் பார்க்கிறேன், ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுப்பதில்லை. கடைக்காரர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். இப்போது நான் படியேறும்போதே பில் புத்தகத்தை எடுத்து வைக்கிறார்கள். ஆனால் எல்லா வண்டிக்காரரும் என்னைப் போலப் பள்ளிக்கூடத்து ஆசிரியராக இருந்து பெட்டியில் எழுத்துப் பிழை தேட முடியுமா? போலிச் சாமான் பிடிபட்டால் பெரும்பாலும் பதிப்புரிமை, வணிகக் குறிச் சட்டங்களில்தான் வழக்குப் போடுகிறார்கள். கம்பெனியின் பெயரைத் திருடியது குற்றம்தான். ஓட்டுகிறவர் உயிரோடு விளையாடியது அந்த வழக்கில் எங்கே இருக்கிறது? போலி மாத்திரை விற்றவரை எப்படி நடத்துகிறோமோ, போலி பிரேக் விற்றவரையும் அப்படியே நடத்த வேண்டும். நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் தொடங்கியது; வாகனங்களும் அதில் உண்டு. அதோடு நிற்காமல், தயாரிப்பு நின்ற வண்டிகளுக்கும் பிரேக், ஸ்டீயரிங் சாமான்கள் இத்தனை வருடம் கிடைக்கும் என்ற உறுதியைக் கம்பெனிகளிடமிருந்து சட்டமாக வாங்க வேண்டும். விலைப் பட்டியல் தமிழிலும் வர வேண்டும்.

என் வண்டியின் பதிவு 2029-ல் மறுபடி புதுப்பிக்க வரும். பத்தாயிரத்தைக் கட்டிவிடுவேன். அன்று என் முன்னாலேயே சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பேட்டை ஒருவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.