திரைக்குப் பின் ஓர் எழுதுகோல்

கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து நடைபெறும். துச்சாதனன் முன் நின்று நீதி கேட்கும் திரௌபதியாக வருபவர் பெரும்பாலும் பெண் வேடமிட்ட ஆண் கலைஞரே. பெண்ணின் துயரைப் பெண்கள் கண்கலங்கிக் காண்பர். அத்துயருக்குச் சொல்லும் குரலும் தந்தவர்களோ ஆடவர். நாடக மேடையிலும் நெடுங்காலம் இந்நிலையே நீடித்தது. பெண்கள் நடிக்க வந்த பின்னரும் பிறர் எழுதியதையே பேசினர். தமிழ்த் திரையுலகில் இந்நிலையை மாற்றிய முன்னோடி டி. பி. ராஜலட்சுமி.

1911ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்த அவர், குழந்தைத் திருமணத்தின் கொடுமைக்கு ஆளானவர். அம்மணவாழ்வு முறிந்தபின் நாடகக் கலையை நாடினார். மேடையில் புகழ்பெற்று, மௌனப் படங்களிலும் நடித்தார். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, நாயகியாகிய இவர் தமிழில் பேசினார். காளிதாசன் கதைக்குத் தொடர்பே இல்லாத கைராட்டைப் பாடலும் அப்படத்தில் இவர் குரலில் ஒலித்தது. அயலாட்சிக் காலத்தில் அது துணிவான செயல்.

எனினும், அவருடைய பெருந்துணிவு 1936இல் வெளிப்பட்டது. தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் புதினத்தை ‘மிஸ் கமலா’ என்னும் திரைப்படமாக்கினார். எழுதியவரும், இயக்கியவரும், தயாரித்தவரும், நாயகியாக நடித்தவரும் அவரே. புராணக் கதைகளே மிகுதியாகப் படமாக்கப்பட்ட காலத்தில், ஒரு பெண் தன் காலத்துப் பெண்ணின் கதையைத் தானே எழுதித் திரைக்குக் கொணர்ந்தார். அடுத்த ஈராண்டுகளில், வை. மு. கோதைநாயகி அம்மாளின் ‘ராஜமோகன்’, ‘அநாதைப் பெண்’ ஆகிய புதினங்களும் படங்களாயின.

இன்று ராஜலட்சுமியை முதல் கதாநாயகி என்கிறோம். முதல் பெண் இயக்குநர் என்கிறோம். எழுத்தாளர் என்பதைக் கடைசியாகவே சொல்கிறோம். இவ்வரிசை மாற வேண்டும் என்பதே என் கருத்து. நடிப்பவர் தமக்குத் தரப்பட்ட சொல்லுக்கு உயிர் தருகிறார். ஒரு பெண் எப்போது பேசுவாள், எதை மறுப்பாள், அவள் கதை எங்கு முடியும் என்பனவற்றை முடிவு செய்பவரோ எழுதுபவர். அந்த உரிமையை ராஜலட்சுமிக்கு எவரும் வழங்கவில்லை. நடிப்பால் ஈட்டிய புகழைத் துணையாகக் கொண்டு அவரே எடுத்துக்கொண்டார்.

‘மிஸ் கமலா’வின் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை, காணாத படத்தை எவ்வாறு போற்றுவது எனச் சிலர் வினவலாம். படத்தின் கலைத்தரத்தை இங்கு எவரும் எடைபோடவில்லை. அந்நாளைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை; நாளடைவில் சிதைபவை. சுருள் அழிந்தமையால் எழுதியவரின் உழைப்பும் இல்லையென்று ஆகிவிடாது. எஞ்சியுள்ள புதினங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரங்களையும் தேடித் தொகுத்துக் காப்பது நம் கடமை.

இது பழங்கதை அன்று. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் பயிலும் மாணவியர் இன்று பார்க்கும் படங்களில் மலைவாழ் மக்கள் எவ்வாறு வருகின்றனர்? பெரும்பாலும் ஆடிப்பாடும் கூட்டமாக வந்து மறைகின்றனர். சாமை விளைவிப்பதும் கடுக்காய் பொறுக்குவதும் நெடுந்தொலைவு நடந்து பள்ளி செல்வதும் அறிந்த கைகள் எழுதினால் அக்காட்சி மாறும். அதற்குப் படப்பிடிப்புக் கருவி முதலில் தேவையில்லை. ராஜலட்சுமியும் புதினத்திலிருந்தே தொடங்கினார். உங்கள் வீட்டுப் பெண்கள் பேசும் பேச்சை, அவர்கள் பேசும் தமிழிலேயே, ஒரு காட்சியாக இவ்வாரம் எழுதிப் பாருங்கள்.